புது லெப்டாப்பில் தமிழ் எங்கே போச்சு?

போன மாசம் என் பழைய லெப்டாப் கண்ணை மூடிடுச்சு. புதுசுல விண்டோஸ் 11. ஞாயிறு சமய வகுப்புக்குப் பயிற்சித்தாள் தட்டச்சு செய்யணும். மணியோ சனி இரவு 11. கை இடது மூலைக்கே போகுது, ஸ்டார்ட் பட்டன் நடுவுல உட்கார்ந்திருக்கு. ரைட் கிளிக் செய்தா பாதி மெனுவைக் காணோம். தமிழும் இல்லை. பொறியியல் மாணவன்னு வெளியே சொல்லிக்க வெட்கமா இருந்தது.

முதல்ல தமிழ். செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லேங்குவேஜ்', அதற்குள் 'லேங்குவேஜ் அண்ட் ரீஜன்' போய்த் தமிழைச் சேருங்க. அதோட நிறுத்தாதீங்க, நான் அங்கேதான் மாட்டினேன். தமிழுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தட்டி, 'லேங்குவேஜ் ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஆட் எ கீபோர்ட்' பாருங்க. தமிழ் 99, தமிழ் அஞ்சல் இரண்டும் இருக்கும். ஆங்கில எழுத்தின் ஒலியை வைத்துத் தட்டுறவங்களுக்கு அஞ்சல்; நம்ம நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது. மொழி மாற்ற, விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பார்.

பழைய மெனு வேணும்னா ஷிஃப்ட்டோடு எஃப்10 (சில லெப்டாப்பில் எஃப்என் விசையும் சேரணும்). ஸ்டார்ட்டை இடப்பக்கம் நகர்த்த, டாஸ்க்பார் செட்டிங்ஸில் அலைன்மென்ட்டை 'லெஃப்ட்' ஆக்குங்க. நான் நகர்த்தலை, ரெண்டு வாரத்துல கை பழகிடுச்சு.

பயிற்சித்தாள் ஒரு மணிக்கு முடிஞ்சது. அஞ்சலில் 'ள' வர ஷிஃப்ட் அழுத்தணும். தூக்கத்தில் மறந்திருக்கேன். மறுநாள் ஒரு குட்டிப் பொண்ணு கேட்டா: "அண்ணா, 'பல்லிக்குச் செல்வோம்'னு போட்டிருக்கு, ஏன்?"