நீளத்தைப் பார்க்காதீர்கள், எல்லையைப் பாருங்கள்

ஸ்பானிய மொழி படிப்பவர்கள் பலர், இறந்தகால வடிவங்கள் இரண்டைப் பிரித்தறிய, ‘நெடுநாள் நடந்தது என்றால் இம்பெர்ஃபெக்தோ, சட்டென முடிந்தது என்றால் இந்தெஃபினீதோ’ என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். தேர்வில் காலை வாருவது இந்த விதிதான். செவில் நகரில் 30 ஆண்டு வாழ்ந்தேன் என்பதற்கு ‘பிபீ’ என்ற இந்தெஃபினீதோதான் சரி. 30 ஆண்டு என்று எல்லை கட்டிவிட்டீர்களே! ‘அப்போது செவிலில் வசித்துவந்தேன்’ என்று முடிவைச் சொல்லாமல் விட்டால் ‘பிபீயா’.

தமிழ் பேசுகிறவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ‘அந்தக் காலத்தில் தாத்தா தினமும் சந்தைக்குப் போவார்’ என்கிறோம். இந்தப் ‘போவார்’ வந்தாலும், ‘போய்க்கொண்டிருந்தார்’ வந்தாலும் ஸ்பானியத்தில் ‘ஈபா’ என்று எழுதுங்கள். ‘நேற்றுப் போனார்’ என்றால் ‘ஃபுவே’. பழைய கதையில் வயதும் மணியும் சொல்லும்போது பெரும்பாலும் இம்பெர்ஃபெக்தோதான்: ‘தேனீயா 10 ஆன்யோஸ்’, எனக்கு 10 வயது.

இம்பெர்ஃபெக்தோ வடிவங்கள் எளிது. ‘ஆர்’ என முடியும் வினைகளுக்கு ‘ஆபா’, மற்ற இரு வகைக்கும் ‘ஈயா’. விதிக்கு அடங்காதவை மூன்றே: ஏரா, ஈபா, பெயீயா. ‘நான்’, ‘அவர்’ இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதால், குழப்பம் வரும் இடத்தில் ‘யோ’, ‘எல்’ என்று எழுவாயைச் சேர்த்துவிடுங்கள். ஸ்பெயினில் காபிக் கடைக்குப் போனால் ‘கெரீயா உன் கஃபே’ என்று கேளுங்கள். இறந்தகாலம்தான், ஆனால் அங்கே அது பணிவு.

பழைய நினைவுகளை எழுதும்போது ‘இவரைப் போல அவரும்’ என்ற ஒப்பீடு தானாக வரும். ‘பாட்டி அப்பா அளவுக்கு உயரம்’ என்பது ‘லா அபுவேலா ஏரா தான் ஆல்தா கோமோ மி பாத்ரே’. பண்புச்சொல்லுக்கு முன் வரும் ‘தான்’ மாறவே மாறாது. பெயர்ச்சொல் வந்தால் மட்டும் பாலும் எண்ணும் பார்த்து தாந்தோ, தாந்தா, தாந்தோஸ், தாந்தாஸ். வினையை ஒப்பிட்டால் ‘தாந்தோ கோமோ’ போதும்.

நான் அதிகம் சிவப்பு மை தீட்டும் இடம் ‘கோமோ’வுக்குப் பதில் ‘கே’ போடுவது. ‘…விட அதிகம்’ என்னும் ‘மாஸ்… கே’ பழகிய கை அப்படி எழுதிவிடும். ஆனால் ‘தான் கன்சாதோ கே’ என்றால் ‘அவ்வளவு களைப்பு, அதனால்…’ என்று பொருளே மாறிவிடுகிறது.

இன்னொன்று: ‘மாணவர்கள் எத்தனையோ அத்தனை நாற்காலிகள் இருந்தன’ என்பது ‘அபீயா தாந்தாஸ் சீயாஸ் கோமோ அலும்னோஸ்’. நாற்காலி பெண்பால் என்பதால் ‘தாந்தாஸ்’. பின்னால் வரும் மாணவர்களைப் பார்த்து மாற்றாதீர்கள். நாற்காலிகள் பல என்பதற்காக ‘அபீயான்’ என்றும் எழுத வேண்டாம். ‘இருந்தது’, ‘இருந்தன’ இரண்டுக்கும் ‘அபீயா’ ஒன்றுதான்.