துடுப்பைத் தேர்வதும் பேணுவதும்

கடற்கரை என்றதும் நம்மில் பலருக்குச் சுண்டலும் மாலைக் காற்றும் நினைவுக்கு வரும். பெசன்ட் நகரை அடுத்த ஊரூர்க் குப்பத்தில் வளர்ந்த எனக்கோ துடுப்புத்தான் நினைவுக்கு வரும். என் பாட்டனார் கட்டுமரத்தில் மண்டியிட்டும் நின்றும் துடுப்பு வலித்தவர். நான் கோவளத்தில், பலகைமேல் நின்று துடுப்பு வலிக்கும் விளையாட்டைப் பழகி வருகிறேன். அவரிடம் கேட்டதையும் நானே பட்டு அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்வோம். 1867-இல் தோன்றிய மெட்ராஸ் போட் கிளப்பின் வீரர்கள் அடையாற்றில் வலிப்பது தண்டு. அது படகின் விளிம்பில் ஒரு பிடிப்பில் பொருந்திச் சுழல்வது. வலிப்பவர் முதுகு காட்டிய திசையில் படகு செல்லும். துடுப்புக்கு அத்தகைய பிடிப்பு இல்லை. நம் இரு கைகளே அதன் பிடிப்பு. நாம் பார்க்கும் திசையிலேயே மரம் செல்லும். நம் கரைக் கட்டுமரங்களில் தட்டையான பலகையோ, பிளந்த மூங்கிலோ துடுப்பாயிற்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகளும் இயந்திரங்களும் பெருகின. துடுப்புக்கு வேலை குறைந்தது. ஆயினும் ஹவாய்த் தீவுகளிலிருந்து உலகெங்கும் பரவிய பலகை விளையாட்டின் வழியே அது மீண்டும் நம் கரைக்கு வந்திருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில், பழைய அலுமினியத் துடுப்பொன்றை இரவல் வாங்கிக்கொண்டு கடலில் இறங்கினேன். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பூட்டு தளர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அலைகளைத் தாண்டியதும் கீழ்த்தண்டு கழன்று, நீர் புகுந்து, மூழ்கிவிட்டது. விடியலில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் என்பதைக் குப்பத்துப் பிள்ளைகளும் அறிவர். அந்தக் காற்று என்னை உள்ளே தள்ளிற்று. பலகையை விடாமல் அதன்மேல் குப்புறப் படுத்து, கைகளாலேயே நீரைத் தள்ளிக் கரை சேர்ந்தேன். பாட்டனார் ஒன்றுதான் கேட்டார்: “பலகை நல்லாத்தான் கீது. துடுப்பப் பாத்தியாடா?”

தேர்வு

நீளமே முதற்கணக்கு. துடுப்பை நிமிர்த்தி நிறுத்தி, ஒரு கையைத் தலைக்குமேல் நீட்டினால், கைப்பிடி மணிக்கட்டின் அருகே வரவேண்டும். அமைதியான நீருக்கு நம் உயரத்தைவிட 8 முதல் 10 அங்குலம் கூடுதல் ஏற்றது. அலைமேல் செல்வோர் இதனினும் குறைத்துக்கொள்வர். நீளம் மிகுந்தால் தோள் நோகும்; குறைந்தால் குனிந்து குனிந்து இடுப்பு நோகும்.

அடுத்தது எடை. அலுமினியத் துடுப்பு ஏறக்குறைய ஒரு கிலோ. நல்ல கார்பன் துடுப்பு அரைக் கிலோ அளவு. நிமிடத்துக்கு 30 முறை வலித்தால் ஒரு மணி நேரத்தில் 1,800 முறை தூக்குகிறோம். அரைக் கிலோ வேறுபாடு 900 கிலோவாகப் பெருகுகிறது! ஆனால் கார்பனின் விலை அதிகம். பழகுவோருக்கு, பூட்டு இறுக்கமாக உள்ள கண்ணாடியிழைத் தண்டே போதும். அலகு அகலமாயிருந்தால் வேகம் வரும் என்று எண்ணி ஏமாற வேண்டாம். அகன்ற அலகு தோளைத்தான் வருத்தும். மெலிந்தோருக்குச் சிற்றலகே நன்று.

அலகு தண்டோடு நேர்கோட்டில் இராது, சற்றே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு பலகையின் முன்முனையை நோக்கியிருக்க வேண்டும். புதியவர் பலர் மாற்றிப் பிடிக்கின்றனர். சரியாகப் பிடித்தால் வலிப்பின் இறுதியிலும் அலகு நிமிர்ந்து நின்று நீரைப் பின்னே தள்ளும். மாற்றிப் பிடித்தால் நீரை மேலே அள்ளி வீணாக்கும்.

பேணல்

கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுக. தண்டுகளைத் தனித்தனியே கழற்றி, உள்நீரை வடித்து, நிழலில் உலர்த்துக. மாட்டியபடியே விட்டால் உப்பும் மணலும் இடையில் இறுகிவிடும். பின் கழற்ற இயலாது. கழலவில்லையே என்று எண்ணெய் இடுவதும் தவறு. எண்ணெயில் மணல் ஒட்டும், பூட்டும் வழுக்கும்.

நம் சித்திரை வெயில் பிசினுக்குப் பகை. மூடிய காருக்குள்ளும் மொட்டைமாடியிலும் துடுப்பை விடக்கூடாது. முட்டுக்காட்டுக் கழி போன்ற ஆழமற்ற நீரில் அலகை மணலில் ஊன்றித் தள்ளினால் விளிம்பு சிதையும். விளிம்பில் ஒட்டுப்பட்டை சுற்றுவது சிறந்த காப்பு. கார்பனில் மேற்கீறல் குற்றமன்று, வெடிப்பே குற்றம். விரலால் தட்டிப் பார்த்தால், ஒலி ஓரிடத்தில் மட்டும் மழுங்கும். அங்கே உள்ளே பிரிந்திருக்கலாம். அதை முற்றிலும் உலர்த்திய பின்பே எபாக்சி பூச வேண்டும். மரத்துடுப்பாயின், பூச்சு உரிந்த இடத்தைத் தேய்த்து மீண்டும் வார்னிஷ் பூசுக.

யாவற்றுக்கும் மேலாக, இறங்குமுன் பூட்டைக் கையால் முறுக்கிப் பார்க்க வேண்டும். அரை நிமிடமும் ஆகாத வேலை இது. அந்த அரை நிமிடத்தைச் செலவிடாததால் அன்று கரை என் கண்ணுக்கு எட்டியும் கைக்கு எட்டாமல் நின்றது.

பாட்டனாரின் கட்டுமரம் இன்று இல்லை. அவருடைய துடுப்பு எங்கள் வீட்டுக் கூரையடியில் இருக்கிறது. எங்கும் வெடிப்பில்லை; பிடி மட்டும் அவர் கைபட்டு வழவழப்பாயிருக்கிறது. புதிய துடுப்பு வாங்கியதும் அதை அவர் கையில்தான் முதலில் கொடுத்தேன். தூக்கிப் பார்த்தார், பூட்டை முறுக்கிப் பார்த்தார், பிறகுதான் திருப்பித் தந்தார்.