படிப்பை விட எண்ணும் நண்பனுக்குத் துணை நிற்பது எப்படி?

முதல் போட்டவன் பொறுத்திருந்தால்தான் லாபம் காண்பான் என்பது வியாபாரிகளாகிய நமக்குப் புதிய செய்தி அன்று. நம் மலேசியாவில் ஒரு பிள்ளை எஸ்.பி.எம். தேர்வை எட்டுவதற்குப் பதினோர் ஆண்டுகள் படிக்க வேண்டும். நான்காம் படிவம்வரை வந்துவிட்டு விலகுகிறவன், ஒன்பது ஆண்டு முதலை நடுத்தெருவில் விட்டுச் செல்கிறான். அப்படி விலக எண்ணும் பையன் பெரும்பாலும் நம் பிள்ளையின் கூட்டாளியாகவோ, நம் கடைக்கு வேலை கேட்டு வருகிறவனாகவோ இருப்பான். அவனுக்கு உதவும் முறையை இப்பாடத்தில் கவனிப்போம்.

முதலாவது: காரணம் அறிதல்.

எடுத்த எடுப்பில் புத்திமதி சொல்வதால் பயன் விளையாது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் சொல்லாததை ஒரு பையன் தன் கூட்டாளியிடம் சொல்வான். ஆகவே, "அவன் சொல்வதை முழுக்கக் கேள், கேலி செய்யாதே, ஊரெல்லாம் பரப்பாதே" என்று நம் பிள்ளைக்குக் கற்பிப்போம். ஆயினும், யாரேனும் அவனை அடித்துத் துன்புறுத்துவதோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் அவனுக்கு இருப்பதோ தெரிந்தால், அதை மறைத்து வைக்கலாகாது. உடனே பொறுப்புள்ள பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்பிப்போம்.

இரண்டாவது: காரணத்துக்கேற்ற உதவி.

பணமுடைதான் காரணமென்றால், எதற்குப் பணம் இல்லை என்று கேட்க வேண்டும். பாடநூல்களைப் பள்ளியே இரவலாகத் தருகிறது. குறைவது பஸ் கட்டணமாகவோ காலணியாகவோ இருக்கலாம். அது நம்மில் ஒருவரால் தீர்க்கக்கூடிய குறையே. பாடத்தில் பின்தங்கியிருந்தால், மலாய் மொழியையும் வரலாற்றையும் முதலில் கவனிக்கச் சொல்வோம். 2013 முதல் இவ்விரண்டிலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்கும். கடை மாடியில் ஒரு மேசையும் ஒரு விளக்கும் ஒதுக்கிக் கொடுத்தால், இரு நண்பர்களும் அங்கே சேர்ந்து படிப்பார்கள். சக மாணவரின் கேலிதான் காரணமென்றால், அவன் சம்மதத்தோடு ஆலோசக ஆசிரியரைப் பார்க்க வேண்டும். தனியே போகத் தயங்குவான். நண்பன் உடன் போகட்டும்.

மூன்றாவது: நம் கடையின் பொறுப்பு.

கைக்கு வரும் சம்பளம் இளைஞனுக்குப் பெரிதாகத் தோன்றும். குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைப்பது முதலாளிக்கும் வசதியாகத் தோன்றும். இவ்விரண்டும் சேருமிடத்தில்தான் படிப்பு அறுந்துபோகிறது. 1966-ஆம் ஆண்டுச் சிறுவர் இளையோர் வேலைச் சட்டப்படி, 15 வயதுக்கு மேல் 18 வயதுக்குட்பட்டவர்களைப் பொதுவாக இரவு 8 மணி முதல் காலை 6 மணிவரை வேலை வாங்கக் கூடாது. பள்ளி செல்பவனாயின், பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து நாளொன்றுக்கு 8 மணியைத் தாண்டக் கூடாது. இரவு நேரத்தில் கடை நடத்துவோர் இதை நினைவில் வைப்பது அவசியம். குடும்பம் உண்மையாகவே அவன் சம்பாத்தியத்தை நம்பியிருந்தால், விடுமுறை நாட்களில் வேலை கொடுப்போம். பள்ளிக்குத் தவறாமல் போக வேண்டும் என்பதே அந்த வேலைக்கு நாம் விதிக்கும் நிபந்தனையாக இருக்கட்டும்.

நான்காவது: விலகியே விட்டால்?

அப்போதும் வழி அடைபட்டுவிடவில்லை. எஸ்.பி.எம். தேர்வைத் தனித்தேர்வராகவும் எழுதலாம். ஏட்டுப் படிப்பில் மனம் செல்லாதவனுக்குத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. மின்சார வேலையோ வாகனப் பழுது பார்ப்பதோ முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெற்றவன் எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. படிப்பை விட்ட கூட்டாளியோடு நம் பிள்ளை நட்பை முறித்துக்கொள்ளும்படி செய்வது மட்டும் வேண்டாம். அவன் திரும்பி வர எஞ்சியிருக்கும் பாலம் அந்த நட்பே.

சகோதரர்களே! பள்ளிப் பருவத்துப் பையன் ஒருவன் வேலை கேட்டு வரும்போது, சம்பளம் பேசுவதற்கு முன் அவனிடம் இரண்டு கேள்விகள் கேட்போம்: "எந்தப் படிவத்தில் படிக்கிறாய்? ஏன் நிற்க நினைக்கிறாய்?" அவன் சொல்லும் பதிலைப் பொறுமையோடு கேட்டபிறகு, வேலையைப் பற்றிப் பேசுவோம்.