எதை எழுதுவது என்று தேடுகிறவர்களுக்கு

வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஓடும் நாட்களுக்கு நடுவே எழுத வருகிறவர்கள் பலர், ‘எனக்கான விஷயம் எது?’ என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். அதை ஒத்திப்போடுங்கள், முதலில் தேதி போட்டு எழுதுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, வியாபாரம், கவர்னர் சொன்னது என்று அன்றாடம் கண்டதும் கேட்டதும்தான். இன்று அது 18ஆம் நூற்றாண்டு வரலாற்றுக்கே முக்கிய ஆதாரம்.

‘அவர் இருந்த இடம் பெரியது, என் வாழ்க்கையில் என்ன இருக்கிறது?’ எனலாம். இடைசெவல் கிராமத்து விவசாயியாக இருந்து எழுத்தாளரான கி. ராஜநாராயணனுக்கு வாய்த்தது கரிசல் மண்ணும் அதன் பேச்சும்தான். அந்தப் பேச்சுக்கு அவர் அகராதியே தொகுத்தார். ஆகவே தினமும் ஐந்து வரி, உங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து மொத்தமாகப் படித்து, திரும்பத் திரும்ப வருவதற்குக் கீழே கோடிடுங்கள். கோடு அதிகம் விழுந்த விஷயத்தை விரித்து எழுதத் தொடங்குங்கள். நேரமில்லை என்பது நியாயமான கவலை. அதனால்தான் ஐந்து வரி. நடையை அப்புறம் செப்பனிடலாம். பெயர், தேதி, விலை மூன்றையும் மட்டும் அன்றைக்கே குறித்துவிடுங்கள்.