டேஷ்போர்டு மரத்தகடு: எதைக் காப்பது, எதை மாற்றுவது?

ரேணிகுண்டாவில் ஒரு கொட்டகையில் டிரையம்ப் டிஆர்6 ஒன்றின் ஸ்பீடாமீட்டரைக் கழற்றினோம். அதன் வளையம் உட்கார்ந்திருந்த இடத்தில் கருப்பட்டி நிறத்தில் மெல்லிய வட்டம் ஒன்று தெரிந்தது. சுற்றியிருந்த மரமெல்லாம் வைக்கோல் நிறத்துக்கு வெளுத்திருந்தது. பல மரங்கள் வெயில் பட்டால் கறுக்கும்; வால்நட் வெளுக்கும். வண்டி புதிதாக வந்த நாளில் மரத்தின் நிறம் எப்படி இருந்தது என்பதற்கு அந்த வட்டம்தான் மிஞ்சிய சாட்சி. அதைப் பார்க்கும் முன்பே பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்யலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

1966-ல் வந்த டிரையம்ப் ஜிடி6, 1968 முதல் 1976 வரை வந்த டிஆர்6, ஜாகுவார் எக்ஸ்கே140 கூப்பே போன்ற வண்டிகளில் முகப்புப் பலகைக்கு வால்நட் வினீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டியிருப்பார்கள். ஜாகுவார் இ-டைப்பிலும் எம்ஜிபியிலும் கம்பெனி மரம் வைக்கவில்லை. அவற்றில் மரம் இருந்தால் பின்னால் வந்த யாரோ சேர்த்தது. அதைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டியதில்லை.

முதலில் பலகையைச் சோதியுங்கள்

பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வயருக்கும் சீட்டு ஒட்டி, மீட்டர்களைக் கழற்றுங்கள். பலகை கைக்கு வந்ததும் மூன்று சோதனைகள் போதும்.

ஒன்று, நாணயத்தால் பலகை முழுக்க மெல்லத் தட்டுங்கள். வெற்றொலி வரும் இடத்தில் வினீர் உள்ளே பிரிந்திருக்கிறது. இரண்டு, மீட்டர் ஓட்டைகளின் விளிம்பைப் பாருங்கள். பிளைவுட் அடுக்குகள் விரிந்து இலை இலையாக வந்தால் பலகையே போய்விட்டது. மூன்று, மறைவான மூலையில் பஞ்சால் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பிசுபிசுத்தால் மேலே இருப்பது அரக்குப் பாலிஷ். அசையவில்லை என்றால் தின்னர் தொட்டுப் பாருங்கள். கரைந்தால் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இரண்டுக்கும் அசையாதது பாலியெஸ்டர், பி.யு. (பாலியூரித்தேன்) போன்ற கெட்டிப் பூச்சு. எங்கள் பலகையில் முன்பு யார் என்ன பூசினார்கள் என்று தெரியாமல் இந்தச் சோதனைக்கே ஒரு நாள் போனது.

நான்கு வழிகள்

1. பழைய வினீரை வைத்துக்கொண்டு பாலிஷை மட்டும் புதுப்பிப்பது. தட்டிப் பார்த்ததில் முக்கால்வாசிக்கு மேல் கெட்டியாக ஒலித்தால் இந்த வழிதான். வினீரின் கனம் அரை மில்லிமீட்டர் அளவே. அதனால் மெஷின் வைத்துத் தேய்க்கவே கூடாது. இரண்டு நிமிடத்தில் அடிப்பலகை எட்டிப் பார்க்கும். பெயிண்ட் ரிமூவர் தடவி, பூச்சு பொங்கியதும் பிளாஸ்டிக் தகட்டால் வழித்தெடுங்கள். கடைசியில் மட்டும் 320 நம்பர் உப்புத்தாளைக் கையால், ரேகை ஓடும் திசையில் ஓட்டுங்கள். பிரிந்த இடங்களுக்குள் ஊசியால் பசை ஏற்றி, மேலே மெழுகுத்தாள் வைத்துக் கட்டைபோட்டு இறுக்குங்கள்.

2. பழைய பலகையில் புது வினீர் ஒட்டுவது. பலகை நேராக இருந்து, மேல்தகடு மட்டும் கிழிந்திருந்தால் இது. மீட்டர் ஓட்டைகளும் திருகு இடங்களும் கம்பெனி வைத்தபடியே இருப்பதால், திரும்பப் பொருத்தும்போது எதுவும் இடறாது.

3. புதுப் பலகை வெட்டி வினீர் ஒட்டுவது. அடுக்கு விரிந்த பலகைக்கு வேறு வழியில்லை. ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளை, பழைய பலகையின் அதே கனத்தில் வாங்குங்கள். பழையதை அச்சாக வைத்து ஓட்டைகளை வெட்டுங்கள். பின்பக்கமும் ஒரு சாதாரண வினீர் ஒட்டுவது அவசியம்; ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அந்தப் பக்கம் இழுத்துப் பலகை வில்லாக வளையும்.

4. இங்கிலாந்திலிருந்து ரெடிமேட் பலகை. டிஆர்6, ஜிடி6 இரண்டுக்கும் கிடைக்கிறது. வேலை குறைவு, செலவு கூடுதல். உங்கள் வண்டி எந்த ஆண்டு, ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று எழுதிக் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். வலப்பக்க ஸ்டீயரிங் வண்டிக்கு இடப்பக்கப் பலகை உதவாது.

மரம்போல அச்சடித்த ஸ்டிக்கரை ஐந்தாவது வழியாகச் சிலர் சொல்வார்கள். அதன் பசை பழைய வினீரையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். வேண்டாம்.

எந்த மரம்?

ஐரோப்பிய வால்நட்டும் காஷ்மீரத்து அக்ரூட்டும் ஒரே இனம். ஆகவே சரியான மரம் நம் நாட்டிலேயே இருக்கிறது. டிஆர்6-க்கு நேர் ரேகை ஓடும் தகடு போதும். ஜாகுவார் என்றால் கணுப்புடைப்பில் சீவிய, புள்ளியும் சுழலுமான தகடு வேண்டும்; அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தகடுகளைப் புத்தகம் விரித்தாற்போல் வைத்து ஒட்ட வேண்டும்.

கடையில் வினீர் என்று கேட்டால் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் பிளையில் முன்கூட்டியே ஒட்டிய ஷீட்டைத்தான் எடுத்துப் போடுவார்கள். அலமாரிக்கு அது சரி. டேஷ்போர்டில் ஒட்டினால் கனம் கூடி, மீட்டரின் பின்பக்கக் கொக்கிக்கு மரை எட்டாது. சுவிட்சின் கழுத்து வெளியே வராது. கையுறைப் பெட்டி மூடி உள்ளே அமுங்கித் தெரியும். பிளை ஒட்டாத வெறும் வினீர் என்று கேட்டு வாங்குங்கள்.

ஈட்டி மரம் அழகுதான், ஆனால் வண்டிக்கு அந்நியமான கருமை. தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டும் முன் தின்னரால் துடைக்காவிட்டால் பசை பிடிக்காது.

செம்மரம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ரேணிகுண்டாவில் நின்று பார்த்தாலே சேஷாசலம் மலை தெரிகிறது. அதனாலேயே "இங்கே கிடைக்காததா, ஒரு துண்டு வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொல்வார்கள். இயற்கையில் இந்த மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான் வளர்கிறது. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட தமிழ்நாட்டு ஏழைகள். ரசீதும் வனத்துறை அனுமதியும் இல்லாத செம்மரத்துண்டு எந்த வண்டிக்குள்ளும் ஏறக் கூடாது. செதுக்கி ஒட்டவேண்டிய சின்ன வேலை இருந்தால், ஏர்ப்பேடு பக்கம் மாதவமாலாவில் தலைமுறையாக மரம் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அக்ரூட் துண்டை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

எந்தப் பசை?

இங்கே மே மாதம் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும். மூடிய காருக்குள், கண்ணாடிக்கு அடியில் இருக்கும் டேஷ்போர்டு அதைவிட எவ்வளவோ கூடுதலாகக் கொதிக்கும். பசையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்கக் கூடாது.

ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற ரப்பர் பசை உடனே பிடிக்கும், இறுக்கிக் கட்டும் வேலை இல்லை. அந்த வசதிக்காக முதலில் நாங்கள் அதைத்தான் தடவினோம். அடுத்த கோடையில் வினீர் அப்பளம்போல் கொப்புளித்தது. உரித்துவிட்டு மறுபடி தொடங்கினோம். ஃபெவிகால் எஸ்ஹெச் போன்ற வெள்ளைப் பசை வீட்டு மரச்சாமான்களுக்கு நம்பகமானது. காருக்குள் சூடேறினால் இளகி, இணைப்பு மெல்ல நகரும். ஹார்டனர் கலக்கும் யூரியா பார்மால்டிஹைடு பிசின் காய்ந்தால் கல்லாக இறுகும், சூட்டில் நகராது. அது கிடைக்காவிட்டால் மெதுவாக இறுகும் அரால்டைட். இரண்டுக்குமே பலகையை ஒரு இரவு முழுக்கக் கட்டைக்கிடையில் இறுக்கி வைக்க வேண்டும்.

எந்தப் பாலிஷ்?

அரக்குப் பாலிஷில் மரத்தின் ஆழம் தெரிவதுபோல் வேறெதிலும் தெரியாது. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். வேண்டாமென்றால் ஸ்பிரிட்டால் துடைத்தெடுக்கலாம். ஆனால் சூட்டில் இளகும், தண்ணீர் பட்டால் வெள்ளைத் தழும்பு விழும். நிழலில் நின்று, மாதம் ஒருமுறை வெளியே வரும் வண்டிக்கு மட்டும் இது.

என்சி லாக்கர் சீக்கிரம் காயும். வருடம் போகப்போக மஞ்சளாகி வெடிக்கும். மழைக்காலத்தில் அடித்தால் ஈரம் சிக்கி வெளுத்துப்போகும். மெலமைன் வீட்டுக்குள் நன்றாக உழைக்கும், கண்ணாடி வழியாக விழும் வெயிலை நெடுநாள் தாங்காது.

தினமும் வெயிலில் நிற்கும் வண்டிக்கு, ஹார்டனர் கலக்கும் வெளிப்புற ரகப் பி.யு. தான் என் பரிந்துரை. பின்னால் உரித்தெடுப்பது கடினம் என்பதுதான் குறை. டிஆர்6-க்கு மங்கல் பளபளப்பு, ஜாகுவாருக்குக் கண்ணாடிப் பளபளப்பு. அடிக்கும்போது முகக்கவசம் கட்டாயம். நவம்பர், டிசம்பர் மழையை விட்டுவிட்டு, பிப்ரவரி, மார்ச்சில் செய்யுங்கள்.

முடிவாக

வினீர் பெரும்பாலும் பிடித்திருக்கிறதா? முதல் வழி. பலகை நன்றாக இருந்து தகடு மட்டும் போயிருந்தால் இரண்டாவது. பலகையே விரிந்திருந்தால், கைதேர்ந்த ஆசாரி பக்கத்தில் இருக்கிறார் என்றால் மூன்றாவது, இல்லையென்றால் நான்காவது. சந்தேகம் வந்தால் குறைவாகக் கைவைக்கும் வழியையே எடுங்கள். தேய்த்து இழந்த அரை மில்லிமீட்டரை யாராலும் திரும்பப் போட முடியாது.

மாற்றினாலும் பழைய பலகையைத் துணி சுற்றிப் பரணில் வையுங்கள். புதியதைப் பொருத்தும் முன், அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: என்ன மரம், என்ன பசை, என்ன பாலிஷ், எந்த மாதம், எந்த வருடம். அடுத்து அதைக் கழற்றப்போகிறவர் ஸ்பிரிட்டும் தின்னரும் தொட்டுத் தொட்டு ஒரு நாளை இழக்க வேண்டியிருக்காது.