ரிப்பன் பூவும் கொள்ளுக் கணக்கும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து குதிரையேற்றம் பயிலப் புறப்படும் இளைய வாசகருக்கு,

குதிரைக் காட்சி என்று வழங்கும் போட்டிகளில் வென்றவருக்குக் கோப்பையைவிட அடிக்கடி கிடைப்பது ரோசெட் என்னும் ரிப்பன் பூ. சாட்டின் ரிப்பனைப் புடவைக் கொசுவம்போல் மடித்து வட்டமாகத் தைத்து, நடுவே காட்சியின் பெயர் அச்சிட்ட அட்டையை ஒட்டி, கீழே இரண்டு வால்களைத் தொங்கவிட்டால் அது ஆயிற்று. பள்ளி ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினரின் சட்டையில் குத்தும் பேட்ஜுக்கு இது ஒன்றுவிட்ட உறவு என்றாலும், இதைச் செருகும் இடம் சட்டையன்று, குதிரையின் கன்னத்தை ஒட்டிச் செல்லும் கடிவாள வார். பரிசு யாருக்கு உரியது என்பதை அந்த இடமே சொல்லிவிடுகிறது. படம் எடுக்கும் நேரத்தில்தான் அது பலருக்கும் மறந்துபோகிறது.

ரிப்பனின் நிறத்தைக் கொண்டு தரத்தை மதிப்பிடுவதும் கடினம். பிரிட்டிஷ் வழக்கில் சிவப்பு முதலிடத்தையும் நீலம் இரண்டாமிடத்தையும் குறிக்க, அமெரிக்காவில் நீலம் முதலாகவும் சிவப்பு இரண்டாவதாகவும் தலைகீழாக மாறிவிடுகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், எத்தனை பேருக்கு நடுவே அது கிடைத்தது என்பதை ரிப்பன் சொல்வதில்லை. மூவர் மட்டுமே இறங்கிய பிரிவில் பெற்ற மூன்றாமிடமும் முப்பது பேர் இறங்கிய பிரிவில் பெற்ற ஏழாமிடமும் சுவரில் தொங்கும்போது, பார்ப்பவர் மெச்சுவது முன்னதையே. அட்டையின் பின்புறத்தில் தேதி, பிரிவு, குதிரையின் பெயர், போட்டியாளர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் பேனாவால் எழுதிவைக்கும் மாணவர், தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளும் வாய்ப்பை அன்றே அடைத்துவிடுகிறார்.

இத்தகைய காட்சிகள் முற்றிலும் வெளியிலிருந்து வந்தவை என்று எண்ணுவதற்கில்லை. ஜிம்கானா என்ற சொல்லே இந்தியாவில் பிறந்தது. பந்து விளையாடும் இடத்தைக் குறித்த கேந்த்-கானா என்னும் இந்துஸ்தானிச் சொல், ஜிம்னாஸ்டிக்ஸ் என்பதன் சாயலில் திரிந்து அவ்வாறு ஆனது என்று அகராதிக்காரர்கள் கருதுகின்றனர். சென்னையில் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் 1884இல் தோன்றியது. அந்தச் சொல் இங்கிலாந்துக்குப் போய், மட்டக்குதிரைகளை வைத்துச் சிறுவர் நடத்தும் விளையாட்டுப் போட்டி என்று பொருள் மாறி, கழிகளுக்கிடையே வளைந்தோடுவதையும் சாக்கு ஓட்டத்தையும் குறிக்கலாயிற்று. மட்டக்குதிரை என்பது, பிடரி முதுகோடு சேரும் மேட்டிலிருந்து தரைவரை அளந்தால், லாடமின்றி 148 செ.மீ.க்கு மிகாத உயரமுள்ள குதிரை.

ஆவடிக்கும் இதில் ஒரு தொலைதூரத் தொடர்பு உண்டு. 1776இல் ஆர்க்காட்டு நவாபின் படையில் திரட்டப்பட்ட குதிரைப்படைப் பிரிவொன்று, இன்று 16ஆம் இலகு குதிரைப்படை என்ற பழைய பெயருடனேயே டாங்குகளில் இயங்குகிறது. டாங்குகள் கட்டும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கு வெளிவந்தது 1965இல். குதிரை போன பின்னும் பெயர் தங்கிவிட்டது.

தடை தாண்டும் போட்டியின் கணக்கு எளியது. பன்னாட்டு விதிப்படி ஒரு கழி விழுந்தால் 4 தண்டப் புள்ளிகள், குதிரை தடையைத் தாண்ட முதன்முறை மறுத்தால் 4, இரண்டாம் முறையும் மறுத்தால் வெளியேற்றம், சவாரிக்காரர் விழுந்தாலும் வெளியேற்றம். தொடக்க நிலைப் போட்டிகளில் அமைப்பாளர்கள் இதைத் தளர்த்துவதும், தண்டமின்றி முடித்த அனைவருக்கும் ஒரு ரிப்பன் தருவதும் உண்டு.

செலவுக்கு வந்தால் நிலைமை வேறு. ரிப்பன் பூவின் விலை குதிரையின் ஒரு நாள் தீவனச் செலவுக்குள் அடங்கிவிடும். மற்ற எதுவும் அப்படி அடங்குவதில்லை. ஏறத்தாழ 400 கிலோ எடையுள்ள குதிரைக்கு, ஈரம் நீக்கிக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு உடலெடையில் 2 விழுக்காடு, அதாவது 8 கிலோ அளவுக்குத் தீனி வேண்டும். புல், குதிரைமசால், கொள்ளு, தவிடு என்று பிரித்துக் கொடுக்கும் இதனுடன் 25 லிட்டருக்குக் குறையாத தண்ணீரும், கத்திரி வெயிலில் அதற்கும் மேலும் தேவைப்படும். குளம்பு நகத்தைப்போல் வளர்ந்துகொண்டே இருப்பதால், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவி மீண்டும் அடிக்க வேண்டும். காட்சி நடப்பது ஆண்டில் சில நாட்களே; லாயத்தின் செலவோ 365 நாளும் ஓடுகிறது.

வாங்கும் விலையைவிட வளர்க்கும் செலவே குதிரைக்குப் பெரிது என்ற பாடத்தைத் தமிழகம் முன்பே பெற்றிருக்கிறது. கடல் வழியாகப் பாண்டிய நாட்டில் இறங்கிய குதிரை ஒவ்வொன்றுக்கும் 220 பொன் தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுத, அவ்வாறு வந்தவற்றுள் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் ஓராண்டுக்குள் மடிந்தன என்று மார்க்கோ போலோ எழுதினார். (குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தால் வாதவூரர் பட்ட பாட்டையும், நரியைப் பரியாக்கிய திருவிளையாடலையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம், குதிரைக் கணக்கு அடியார்களையும் விட்டுவைத்ததில்லை.)

பெங்களூரிலிருந்து ஒரு குதிரை சென்னைக் காட்சிக்கு வருவதானால், ஏறத்தாழ 350 கிலோமீட்டரை நின்றபடியே லாரியில் கடந்து, ஸ்ரீபெரும்புதூர் வழியே பூந்தமல்லி நெரிசலுக்குள் நுழைய வேண்டும். வழியெல்லாம் அது தன் எடையைக் காலுக்குக் கால் மாற்றிச் சமன்செய்துகொண்டே வருவதால், இறங்கும்போதே பாதி வேலை செய்த களைப்பில் இருக்கும். இதனோடு நோய்ச் சான்றுகளும் உண்டு. கிளாண்டர்ஸ் என்பது மூக்கில் சளியையும் புண்ணையும் உண்டாக்கி மனிதருக்கும் தொற்றும் பாக்டீரிய நோய். அதற்கான இரத்தப் பரிசோதனையில் ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் முதன்மையான இடம் வகிக்கிறது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரஸ்ஸாஜ் என்னும் நடையொழுங்குப் போட்டியின் அணிப் பிரிவில் இந்தியா வென்ற தங்கம், 41 ஆண்டுகளுக்குப் பின் குதிரையேற்றத்தில் கிடைத்தது. அந்த வீரர்கள் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றதன் காரணங்களுள் ஒன்று, நோய்த் தடைகளால் இந்தியக் குதிரைகளை வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்ப இயலாமையே.

இவ்வளவு செலவுக்கிடையே எங்கே சிக்கனம் கூடும் என்று வாசகர் கேட்பது நியாயம். பழைய பூட்ஸ் போதும், ஆனால் அதற்குச் சிறு குதிகால் இருக்க வேண்டும். இல்லையேல் பாதம் அங்கவடிக்குள் முழுதும் நழுவி, விழும்போது சிக்கிக்கொள்ளும். சேணத்துக்கு வெளிநாட்டுப் பெயர் தேவையில்லை. கான்பூரில் தயாராகும் சேணப் பொருட்கள் புவிசார் குறியீடு பெற்றவை. தலைக்கவசத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. அதன் உள்ளிருக்கும் நுரைப்பொருள் ஒரு பலத்த அடியில் நசுங்கித் தலையைக் காத்துவிட்டால், அடுத்த அடியைத் தாங்காது என்பதால் அதை மாற்றியே ஆக வேண்டும். வீட்டில் கிடக்கும் பைக் ஹெல்மெட் அதற்கு ஈடாகாது. சொந்தக் குதிரையும் கட்டாயமன்று. வேப்பேரியில் இயங்கும் என்.சி.சி.யின் குதிரை மற்றும் கால்நடைப் பிரிவு போன்றவை, வசதி குறைந்த மாணவரும் சேணத்தில் அமர வழி செய்கின்றன.

சொந்தமல்லாத குதிரையில் ஏறுபவருக்கே பண்பின் சோதனை கடுமையாக வருகிறது. டோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன ஐந்திறப் போட்டியில், 2021 ஆகஸ்ட் 6 அன்று, ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய் முதலிடத்தில் இருந்தபடி குதிரைச் சுற்றுக்கு வந்தார். அப்போட்டியில் அப்போது குதிரை குலுக்கலில் அமைந்தது. பழகிக்கொள்ள 20 நிமிடமே கிடைத்தது. அவருக்கு அமைந்த செயின்ட் பாய், முன்னதாக மற்றொரு வீராங்கனையிடமும் தடைகளைத் தாண்ட மறுத்து மிரண்டிருந்த குதிரை. ஷ்லோய் அழுதுகொண்டே சாட்டையை வீச, வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தினார். பயிற்சியாளர் நீக்கப்பட்டார், ஷ்லோய் 31ஆம் இடத்துக்கு இறங்கினார், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கோடு அப்போட்டியிலிருந்து குதிரையேற்றமே எடுக்கப்பட்டது.

பயிற்சிப் பள்ளிக் குதிரையின் நிலை செயின்ட் பாயினுடையதிலிருந்து வெகுதூரமன்று. பெரும்பாலும் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற அந்தக் குதிரையில் ஒரே காலையில் மூன்று நான்கு சிறுவர்கள் மாறி மாறி ஏறுவர். கடைசியாக ஏறியவரிடம் அது நின்றுவிட்டால், முரட்டுக் குதிரை என்ற பழி அதன்மேல் விழும். பன்னாட்டு விதி, சவாரிக்காரர் தம் சினத்தைத் தீர்த்துக்கொள்ளவும், வெளியேற்றப்பட்ட பின்பும் சாட்டையைத் தொடுவதைத் தடைசெய்கிறது. வேலியோரம் நின்று கத்தும் பெற்றோருக்கு இத்தகைய விதி இல்லாதது ஒரு குறையே. நடுவரின் தீர்ப்பில் ஐயமிருந்தால் எழுத்தில் முறையிட வழி உண்டு; களத்தில் கைநீட்டிப் பேசுவது அந்த வழியன்று. விடியுமுன் எழுந்து குளம்பு சுரண்டி, பிடரி பின்னிவிட்ட குதிரைக்காரரிடம் ரிப்பனை முதலில் காட்டுவதும் விதியில் இல்லை. ஆயினும் அவ்வாறு செய்பவரை லாயத்தில் எல்லோரும் அறிவர்.

காட்சி முடிந்ததும் சேணத்தை இறக்கி, மூச்சு சீராகும் வரை நடத்தி, தண்ணீர் காட்டி, நான்கு கால்களையும் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையால் தடவிச் சூடோ வீக்கமோ உண்டா என்று பார்ப்பது வழக்கம். மறுநாள் காலை கெட்டித் தரையில் துள்ளுநடையில் ஓட்டிப் பார்க்கையில், நோவுள்ள முன்கால் தரையில் படும்போதெல்லாம் குதிரை தலையை மேலே தூக்கும்; அடுத்த காட்சிக்குப் பெயர் கொடுப்பதா வேண்டாமா என்பது அப்போதுதான் முடிவாகும்.