மூலன் உடலும் பழைய கணினியும்

திருமூலர் வரலாற்றை நம்மவர் அறிவர். சாத்தனூரில் மேய்ப்பனாகிய மூலன் இறந்து கிடக்க, அவன் மேய்த்த ஆநிரைகள் சூழ்ந்து நின்று கதறின. அவற்றின் துயர் கண்ட சிவயோகியார் தம்முடலை ஓரிடத்தே காத்து வைத்து, மூலன் உடலிற் புகுந்து எழுந்தார். பசுக்கள் மகிழ்ந்தன. உள்ளிருப்பவர் வேறொருவர் என்பதை அவை அறிந்தில. தம்மை மேய்த்தவனின் உருவமும் செய்கையும் மாறாதிருந்தமையே அவற்றுக்குப் போதுமாயிற்று. கணினியியலில் 'எமியுலேட்டர்' எனப்படுவதை விளங்கிக்கொள்ள இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. அதனை 'ஒத்தியங்கி' என இங்கு வழங்குவோம்.

பழைய மென்பொருள் தனக்குரிய பழைய இயந்திரத்தையன்றிப் பிறிதொன்றை அறியாது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் மூளை, இன்ரெல் 8088 என்னும் செயலி. நினைவகத்திலுள்ள எண்களை வரிசையாக எடுத்து, அவற்றைக் கட்டளைகளாகக் கொண்டு அது தொழிற்படும். 184, 5, 0 என மூன்று எண்கள் வருமாயின், 'ஏ.எக்ஸ். என்னும் பதிவகத்தில் 5ஐ இடுக' என்பது பொருள். ஒத்தியங்கியோ அச்செயலியின் கட்டளைகள் அனைத்தையும் அறிந்த ஒரு மென்பொருள். பதிவகத்துக்கு ஈடாக ஒரு மாறியையும், நினைவகத்துக்கு ஈடாக நீண்டதோர் எண் வரிசையையும் அது வைத்துக்கொள்ளும். பழைய எழுத்துத் திரையில் 80 நிரல், 25 நிரை; எழுத்தொன்றுக்கு இரண்டு பைற் வீதம் 4,000 பைற். நினைவகத்தின் அப்பகுதியை இடையறாது நோக்கி, அங்குள்ளதை இணைய உலாவியின் சாளரத்தில் ஒத்தியங்கி வரைந்து காட்டும். மென்பொருள் தன் பழைய வீட்டிலேயே இருப்பதாக எண்ணித் தொழில் செய்யும்.

இக்கருத்துப் புதியதன்று. 1964இல் ஐ.பி.எம். அறிவித்த 360 வரிசைக் கணினிகளுட் சில, முந்திய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களை இம்முறையால் இயக்கின. உலாவிக்குள்ளேயே ஒரு முழுக் கணினியை எழுப்பலாம் என்பதை 2011இல் பிரான்சு நாட்டு அறிஞர் பப்ரீஸ் பெலார் ஜாவாஸ்கிரிப்ட் மொழியால் மெய்ப்பித்தார். 2017இல் முதன்மையான உலாவிகள் ஏற்ற வெப்அசெம்பிளி என்னும் ஏற்பாடு அதன் வேகத்தை மேலும் கூட்டிற்று. பழைய கட்டளை ஒன்றைப் போலச்செய்யப் புதிய கட்டளைகள் பல வேண்டும். ஆயினும் அன்றைய செயலியின் கடிகாரம் நொடிக்கு ஏறத்தாழ 47 லட்சம் முறை துடித்தது. இன்றைய கைப்பேசியின் கடிகாரமோ நொடிக்கு 100 கோடி முறைக்கு மேல் துடிக்கிறது. ஆதலின் இச்செலவு தாங்கக்கூடியதே.

ஆனால் மூலனின் மனைவி வேறுபாட்டை உணர்ந்தாள் அன்றோ? அவ்வாறே, செயலியின் வேகத்தைக் கொண்டு காலத்தை அளக்கும் நிரல்கள் சிறு பிசகையும் கண்டுகொள்ளும். நல்ல ஒத்தியங்கி, செய்கையோடு காலத்தையும் ஒத்திருத்தல் வேண்டும்.

இது நமக்கு எதற்கு எனின் கூறுவோம். அக்கணினி வெளிவந்த அதே 1981இன் ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. ஏட்டுக்குத் தீ பகை என்பதை அன்று கண்டோம். கணினிக் கோப்புக்கோ தீயும் வேண்டுவதில்லை. அதனைப் படிக்கும் இயந்திரம் வழக்கொழிந்தாலே போதும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கணினியில் எழுத்துக்கோத்த மலர்களின் மூலக் கோப்புகள் பல, பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. அக்கோப்பில் 'தமிழ்' என்னும் சொல் தமிழாக இல்லை. ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக உள்ளது. எழுத்துரு இன்றேல் அது வெறும் பிதற்றல். ஒருங்குறிக்கு மாற்றினால் சொற்கள் மீளும். பக்க அமைப்பும் அட்டவணையும் பெரும்பாலும் சிதையும். பழைய மென்பொருளையும் எழுத்துருவையும் ஒத்தியங்கியில் ஏற்றினாலோ, பக்கம் அன்றிருந்தவாறே தோன்றும். படிப்பவர் தம் கணினியில் எதனையும் நிறுவ வேண்டியதில்லை. உலாவி ஒன்றே போதும்.

2005இல் தோன்றிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து அச்சேடுகளை வருடி இணையத்திற் பேணி வருதல் போற்றத்தக்கது. தாளில் உள்ளவற்றுக்கு அது காப்பு. கணினியிற் பிறந்தவற்றுக்கு நாமே காப்பாதல் வேண்டும். பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் அலுமாரியை ஒருமுறை திறந்து பார்ப்பாராக. மூன்றரை அங்குல நெகிழ்வட்டுக் கிடைப்பின், அதன் 14,74,560 பைற்றுகளையும் முதலில் ஒரே படிமமாகப் பிரதி செய்தல் வேண்டும். காந்தப் பதிவு ஆண்டுதோறும் நலிவதால், தாமதம் தகாது. அடுத்து, கோப்பை எழுதிய மென்பொருளையும் எழுத்துருவையும் அதனுடன் சேர்த்து வைத்தல் வேண்டும். எந்தக் கணினியில், எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்ற குறிப்பும் உடனிருத்தல் நன்று.

யோகியார் திரும்பி வந்து நோக்கியபோது, தாம் காத்து வைத்த உடலைக் காணவில்லை. அது இறைவன் அருளால் மறைந்தது என்பர் பெரியோர். நம் அலுமாரியிலுள்ளவை மறையுமாயின், அது நம் அசட்டையாலன்றி வேறெதனாலும் அன்று.